பராமரிப்புப் பணி நடைபெறுகிறது

மனிதராய்ப் பிறந்த எவரும், பதவி வித்தியாசம் பாராமல், நாளைக்குச் சில தடவையாவது ஒதுங்கியாக வேண்டும் என்பது இயற்கையின் ஏற்பாடு. இந்த ஏற்பாட்டைச் செய்தபோது இயற்கை எங்கள் மாநகராட்சியைக் கலந்து ஆலோசிக்கவில்லை. ஆகவே எங்கள் பேருந்து நிலையத்தில் கழிப்பறை இல்லாததற்கு மாநகராட்சியைக் குறை சொல்வது நியாயமாகாது.

அதற்காக அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு மன்றக் கூட்டத்திலும் பேருந்து நிலையக் கழிப்பறை பற்றி ஆழ்ந்து விவாதிப்பார்கள். விவாதம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்து எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் விருட்டென்று எழுந்து வெளியே போய்விடுவார். 'வெளிநடப்பு' என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. கொள்கைக்காக வெளிநடப்புச் செய்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அவருக்குச் சர்க்கரை வியாதி. மன்றக் கட்டடத்தில் இருந்த ஒரே கழிப்பறையில் பழைய கோப்புகளை அடுக்கிப் பூட்டு போட்டுவிட்டார்கள். பாவம் மனிதர், வீட்டுக்குத்தான் ஓட வேண்டும்.

பேருந்து நிலைய வாசலில் ஒரு பீரோ அளவுக்கு இடம் பிடித்துக் கைக்கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவன் நான். எனக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து குடை ரிப்பேர் செய்கிறவள் குடையக்கா. வயதில் என்னைவிடச் சின்னவள்தான். வாயில் மூத்தவள் என்பதால் டிரைவர், கண்டக்டர், போலீஸ்காரர் எல்லாருக்கும் அவள் அக்கா.

இந்தக் கதை அவளுடைய தண்ணீர் பாட்டிலைப் பற்றியது என்றும் சொல்லலாம். காலையில் கடை விரித்ததிலிருந்து மாலையில் சுருட்டும் வரை அதிலிருந்து ஒரு வாய் குடிக்க மாட்டாள். குடித்தால் போக வேண்டும். போக இடம் இல்லை. எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. அதன் பின்பக்கம் ஒரு கழிப்பறையும் இருக்கிறது. ஆனால் டீ குடித்தால்தான் உள்ளே விடுவார்கள். டீ குடித்துவிட்டுப் போய் வந்தால், குடித்த டீக்காக மறுபடியும் போக வேண்டும். மறுபடியும் போக மறுபடியும் டீ. ஒரு நாள் முழுக்க இப்படி ஓடிப் பார்த்து, அன்றைக்கு ஒரு குடைகூடத் தைக்காமல் வீட்டுக்குப் போனாள்.

கடைசியில் இடுப்பில் வலி கண்டது. சிறுநீரகத்தில் கல் என்றார் டாக்டர்.

"நிறைய தண்ணி குடிங்க. குடிச்சாதான் கல்லு கரையும். இல்லேன்னா ஆபரேஷன்தான்."

"குடிச்சிட்டு எங்க போறது டாக்டர்? உங்க வீட்டுக்கா?"

டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை விழுங்கத் தண்ணீர் வேண்டும் என்பதால் அக்கா அதையும் சாப்பிடவில்லை.

மாநகராட்சி ஆபீசுக்குப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மனு குடுத்துட்டுப் போங்கம்மா. பரிசீலிக்கிறோம்" என்றார்.

திரும்பி வந்து அன்று முழுக்கக் குடைக் கம்பிகளை அந்தக் குமாஸ்தாவாக நினைத்து வளைத்துக்கொண்டிருந்தாள். "நிக்க முடியாம நெளியறவகிட்ட மனு கேக்கிறான் பாருங்கண்ணே. இப்படியும் ஒரு நாக்கு இருக்குமா? எனக்கெல்லாம் இருந்தா அறுத்துப் போட்டுடுவேன்."

அடுத்த மன்றக் கூட்டத்தில் அவள் நேராகப் பார்வையாளர் பகுதியில் போய் உட்கார்ந்தாள். கூட இருக்கட்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். வழக்கமான விவாதம் நடந்தது. வெளிநடப்பு வழக்கம்போல வெளிநடந்தார். அப்போது அக்கா எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஐயா, அவர் மட்டும் வீட்டுக்கு ஓடிட்டாரு. நாங்க எங்க ஓடறது?"

பத்திரிகைக்காரர்கள் எழுதத் தொடங்கியதைப் பார்த்ததும் மேயருக்குக் கருணை பொங்கிவிட்டது.

"தாயே! கழிப்பறை கட்டுறது ரொம்பச் சுலபம். நாலு சுவர் எழுப்பினா கழிப்பறை. அது நிர்வாகம் இல்லை. முன்மாதிரிக் கழிப்பறை கட்டணும். உலகத்தரத்துல கட்டணும். அதுதான் நிர்வாகம்!"

'முன்மாதிரி' என்கிற சொல்லுக்கு அந்த வருஷம் பெரிய மவுசு. முன்மாதிரிச் சாலை, முன்மாதிரிக் குப்பைத்தொட்டி, முன்மாதிரி மரம் என்று எங்கே பார்த்தாலும் ஒன்று நின்றது. எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இரண்டாவது வந்துவிட்டால் முன்மாதிரி என்கிற அந்தஸ்து போய்விடுமாம்.

கடல் கடந்த ஒரு நகரத்தில் உலகத்திலேயே தலைசிறந்த பொதுக் கழிப்பறை இருப்பதாகவும், அது பல பரிசுகள் வாங்கியிருப்பதாகவும் நகரப் பொறியாளர் எடுத்துரைத்தார். அதை நேரில் கண்டு ஆய்ந்து வர ஒரு குழு அமைக்கப்பட்டது. மேயர், ஆணையர், பொறியாளர் மூவரும் கிளம்பினார்கள். எதிர்க்கட்சிக்கும் இடம் தர வேண்டும் என்பதால் வெளிநடப்பையும் சேர்த்துக்கொண்டார்கள். அவருக்குத்தான் உண்மையான சந்தோஷம். உலகத்தின் தலைசிறந்த கழிப்பறைக்கு அருகில் ஒரு நாள் முழுக்க இருக்கலாம் அல்லவா!

அவர்கள் போய்ச் சேர்ந்த அன்று அந்தக் கழிப்பறையில் ஏதோ ஒரு குழாய் கசிந்ததாம். வாசலில் மஞ்சள் டேப் கட்டி, ஒரு பலகை வைத்து, படியில் ஒரு வாளியைக் கவிழ்த்திருந்தார்கள். நீல நிறக் கால்சட்டை போட்ட ஒரு ஆள் கருவிப் பெட்டியைத் திறந்து வைத்து, ஸ்பேனரை மடியில் போட்டுக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் சாப்பாட்டு இடைவேளையில் இருந்திருக்க வேண்டும்.

அந்த ஊர் அதிகாரி அவர்கள் பாஷையில் நெடுநேரம் கையெடுத்துக் கும்பிடாத குறையாக ஏதோ சொல்லி வருத்தம் தெரிவித்தார். நம்மவர்களுக்கு அந்தப் பாஷை தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்வது மாநகராட்சியின் கௌரவத்துக்கு இழுக்கு. ஆகவே நான்கு பேரும் ஆழமாகத் தலையாட்டினார்கள். பொறியாளர் ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுத்தார். டேப்பின் அகலத்தை அளந்தார். வாளி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டார். வெளிநடப்பு மட்டும் டேப்பைத் தாண்டப் பார்த்தார். ஆணையர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

'பயணத்தின்போது குழுவினர் சொல்லொணா உபாதைகளைப் பொதுநலன் கருதிப் பொறுத்துக்கொண்டனர்' என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது. எல்லாரும் அது விமானப் பயணத்தைப் பற்றியது என்று நினைத்தோம்.

கட்டடம் மளமளவென்று எழும்பியது. பொய் சொல்லக் கூடாது, அருமையாகக் கட்டியிருந்தார்கள். பளபளக்கும் டைல்ஸ், தொட்டால் கொட்டும் குழாய், முகம் பார்க்கக் கண்ணாடி. அக்கா தினமும் குடையைத் தைத்துக்கொண்டே அதைப் பார்ப்பாள். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலைத் தயாராக நிரப்பி வைத்திருந்தாள். திறக்கிற அன்றைக்கு ஒரே மூச்சில் குடிப்பதாகச் சபதம்.

கட்டடம் முடிந்த பிறகுதான் மீதி வேலை ஆரம்பித்தது. மாதிரிக்கு இம்மி பிசகக் கூடாது என்பது மன்றத் தீர்மானம். மஞ்சள் டேப் வந்தது. வாளி வந்து கவிழ்ந்தது. பலகையை மொழிபெயர்த்து எழுதி வைத்தார்கள்: 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' கடைசியாக அந்த நீலக் கால்சட்டை ஆள்தான் பாக்கி. அதற்கு ஒரு புதுப் பதவியை உண்டாக்கினார்கள். 'பராமரிப்பு நிலைப் பணியாளர்.' மாதச் சம்பளம், ஓய்வூதியம், நீலக் கால்சட்டை இரண்டு.

அக்காவுக்கு ஒரு தம்பி உண்டு. பிளம்பர். வேலை கெட்டிக்காரன். வேலைதான் கிடைக்கவில்லை. ஒரு இடத்தில் பெண் பார்த்திருந்தார்கள். நிலையான வருமானம் இல்லாதவனுக்கு எப்படிக் கொடுப்பது என்று பெண் வீட்டார் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காதான் அவனைப் பிடித்துத் தள்ளி நேர்முகத் தேர்வுக்கு அனுப்பினாள்.

தேர்வு நடத்தியவர் பொறியாளர். "குழாய் வேலை தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சார்."

பொறியாளர் உதட்டைப் பிதுக்கினார். "அது ஒரு குறைதான். தெரிஞ்ச கை சும்மா இருக்காதே?"

"இருக்கும் சார். ரொம்ப நாளா சும்மாதான் இருக்கு."

"எங்க, ஸ்பேனரை மடியில வெச்சு வானத்தைப் பாரு."

தம்பி பார்த்தான். பெண் வீட்டார் நினைவு வந்ததாலோ என்னவோ, முகத்தில் ஒரு ஏக்கம் தானாக வந்து உட்கார்ந்தது. பொறியாளர் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அந்த இடத்திலேயே வேலை கொடுத்துவிட்டார். அடுத்த வாரமே பெண் வீட்டில் பாக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

திறப்பு விழாவுக்கு மேயர் கத்தரிக்கோலோடு வந்தார். எதிரே டேப் இருந்ததால் பழக்க தோஷத்தில் வெட்டப் போய்விட்டார். "ஐயோ, வெட்டிடாதீங்க! அது மாதிரியில இருக்கிற டேப்பு!" என்று பொறியாளர் பாய்ந்து தடுத்தார். கூட்டம் கூடிவிட்டது, ஏதாவது செய்தாக வேண்டும். ஆகவே மேயர் இன்னொரு டேப்பை எடுத்துக் குறுக்கே கட்டினார். நாடா கட்டித் திறந்துவைக்கப்பட்ட ஒரே கழிப்பறை எங்களுடையதாகத்தான் இருக்கும். கைதட்டல் அடங்க வெகுநேரமானது. நானும்தான் தட்டினேன்.

கூட்டத்தின் முன்வரிசையில் தண்ணீர் பாட்டிலோடு அக்கா நின்றாள். "உள்ள போகலாங்களா?"

"பணி நடைபெறுதும்மா" என்றார் ஆணையர்.

"என்ன பணி? இப்பதானே கட்டி முடிச்சீங்க?"

"ஆமா. முடிஞ்சதும் நடைபெற ஆரம்பிச்சிருச்சு."

"எப்ப முடியும்?"

ஆணையருக்குக் கோபம் வந்துவிட்டது. "முடியறதா? இது நிரந்தரப் பணிம்மா. முடியறதுக்கு இது என்ன தற்காலிகமா?"

அன்று மாலை கூட்டம் கலைந்த பிறகு அக்கா தம்பியிடம் போனாள். அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், அந்த டேப்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடி. ஒரே நிமிஷம்."

"அக்கா, தூக்கினா வேலை போயிடும்."

"தூக்காட்டி எனக்கு உசுரு போயிடும்டா."

"வேலை போனா கல்யாணம் நின்னுடும். நீதானே பொண்ணு பார்த்தே? நீயே சொல்லு, தூக்கட்டுமா?"

அக்கா டேப்பைப் பார்த்தாள். தம்பியின் புது நீலக் கால்சட்டையைப் பார்த்தாள். அம்மா அப்பா இல்லாமல் வளர்த்த தம்பி. "வேணாம், இரு" என்று சொல்லிவிட்டுச் சாக்கில் வந்து உட்கார்ந்தாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. மேயர் மேல் எரிந்ததா, தம்பி மேல் எரிந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அப்புறம் மழைக்காலம் வந்தது. குடை வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. கூடவே குளிர் வேறு. குளிரில் அந்தத் தொல்லை இரட்டிப்பாகும் என்பது உலகறிந்த விஷயம். ஒரு நாள் மத்தியானம் சோவென்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே கூரையிலிருந்து, குழாயிலிருந்து, பஸ்ஸின் தலையிலிருந்து எல்லாம் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. அக்கா அதைப் பார்க்கக்கூட முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு தைத்துக்கொண்டிருந்த குடையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நடந்தாள்.

தம்பி அவள் வருவதைப் பார்த்தான். பார்த்தவுடன் கடமை உணர்வோடு வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். வானத்தைப் பார்க்கிறவனுக்குத் தரையில் யார் டேப்பைத் தாண்டுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? மழை நேரே கண்ணில் விழுந்தது. அப்போதும் அவன் தலையைக் குனியவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஃப்ளஷ் இழுக்கிற சத்தம் வந்தது.

அந்தச் சத்தம் மழையையும் மீறிப் பேருந்து நிலையம் முழுக்கக் கேட்டது. டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடையில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை அப்படியே வைத்தார்கள். "அது வேலை செய்யுதுடா!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். டேப் எங்கே போனது, வாளி எங்கே உருண்டது என்று தெரியாது. டிரைவர், கண்டக்டர், பிரயாணி, போலீஸ்காரர், டீக்கடை முதலாளிகூடப் போய் வந்தார். அக்கா வெளியே வந்து, மழையில் நின்றுகொண்டு, பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். நெஞ்செல்லாம் நனைந்தது. "அண்ணே, தண்ணி இவ்வளவு ருசியா இருக்கும்னு மறந்தே போச்சு" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் பொறியாளர் மாதிரியைச் சரிபார்க்க வந்தார். கழிப்பறை கழிப்பறையாக இயங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, தலையில் கை வைத்து வாளி மேல் உட்கார்ந்துவிட்டார்.

அவசரக் கூட்டம் கூடியது. பேருந்து நிலையமே மன்றத்தில் திரண்டு நின்றது. தம்பியை நடுவில் நிறுத்தி ஆணையர் விசாரித்தார்.

"பழுதை நீக்கினாயா?"

"பழுதே இல்லைங்க சார்."

"கேட்டதுக்குப் பதில். உன்னைப் பராமரிப்பு நிலையில வெச்சிருந்தோம். இப்ப அந்த நிலை எங்கே?"

"அது... தானா முடிஞ்சிடுச்சு சார்."

"அதுதான் குற்றச்சாட்டு!"

தம்பி தலை குனிந்தான். ஆணையரின் பேனா பணிநீக்க உத்தரவின் மேல் வந்து நின்றது. அக்கா முன்னால் போய், "என்னை வேணா ஜெயில்ல போடுங்க. அவன் வானத்தைத்தான் பார்த்துட்டு இருந்தான்" என்று அழுதாள்.

அப்போது மேயருக்கு ஒரு யோசனை தோன்றியது. "அவசரப்பட வேணாம். மூல மாதிரி இப்ப எந்த நிலையில இருக்குன்னு அவங்ககிட்டயே கேட்டுடலாம்." சுவரில் இருந்த பெரிய திரையில் அந்த ஊர் அதிகாரியை அழைத்தார்கள். இந்தத் தடவை மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

திரையில் அந்த அதிகாரி சிரித்த முகமாக ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நீங்க வந்தப்ப மூடியிருந்ததுக்கு இப்பவும் வருத்தப்படுறாராம். நீங்க கிளம்பின அன்னிக்குச் சாயங்காலமே குழாயைச் சரி பண்ணிட்டாங்களாம். அன்னிலேர்ந்து எல்லாரும் உபயோகிக்கிறாங்களாம்."

மன்றம் அதிர்ந்தது. வெளிநடப்பு நெற்றியில் அடித்துக்கொண்டு, இந்தத் தடவை உண்மையான கொள்கையோடு வெளிநடந்தார். ஆனால் மேயர் கலங்கவில்லை. மேயர் ஆவதற்கு வேண்டிய முதல் தகுதியே அதுதான்.

"மாதிரி மாறியிருக்கு. நாமும் மாறுவோம். கழிப்பறை திறந்தே இருக்கட்டும்!"

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. விசில் அடித்தவர்கள் உண்டு. அக்கா தம்பியைக் கட்டிக்கொண்டாள். அந்த ஊர் அதிகாரியும் எங்கள் உற்சாகத்தைப் பார்த்து மகிழ்ந்து, கேமராவைத் திருப்பித் தங்கள் கழிப்பறையைக் காட்டினார். கதவு திறந்திருந்தது. வாசலில் அழகான ஒரு வரிசை. கக்கத்தில் குடை இடுக்கிய ஒரு பெண் முதலில். அவளுக்குப் பின்னால் தொப்பிக்காரர், சிவப்புப் பை வைத்தவர், கொட்டாவி விடுகிறவர், கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவர் என்று நீண்டது.

பொறியாளர் திரைக்கு அருகில் போனார். மூக்கு இடிக்கிற அளவுக்குப் போனார். "ஐயா, ஒரு சின்னக் குறை. அங்க வரிசை இருக்கு. நம்மகிட்ட வரிசை இல்லை."

"வரிசைதானே? ஜனங்க வந்து நிப்பாங்க" என்றார் மேயர்.

"ஜனங்களை நம்ப முடியாதுங்க. வருவாங்க, போயிடுவாங்க. ஒரு நிரந்தரம் கிடையாது. மாதிரிக்கு இம்மி பிசகக் கூடாதுன்னு தீர்மானமே இருக்கு."

மேயர் ஆணையரைப் பார்த்தார். ஆணையர் பணிநீக்க உத்தரவைக் கிழித்துவிட்டு வேறொரு தாளை எடுத்தார். 'வரிசை நிலைப் பணியாளர்கள்' பிறந்தார்கள். மாதச் சம்பளம், ஓய்வூதியம். நிற்பது மட்டுமே வேலை.

இப்போது ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பைக் கேட்டதும் மன்றத்தில் திரண்டிருந்த எங்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லாரும் மெதுவாக ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தோம். மேசையைச் சுற்றி வளைத்தோம். டீக்கடை முதலாளி எனக்கு முன்னால் போகப் பார்த்தார், நான் முழங்கையால் இடித்தேன். "எனக்குக் குடை இருக்கு! என்கிட்டதான் ஊர்ப்பட்ட குடை இருக்கு!" என்று அக்காவின் குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது.

அவளுக்கே முதல் இடம் கிடைத்தது. டீக்கடை முதலாளிக்குத் தொப்பி. போலீஸ்காரருக்கு இயல்பாகவே கொட்டாவி வரும் என்பதால் போட்டியே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவர் இடத்துக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் யார்? தம்பிக்குப் பதவி உயர்வு. வரிசை நகராமல் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர். அவன் கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. வரிசையிலிருந்து யாரும் போக முடியாததால் மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து எங்களிடம் வாழ்த்து வாங்கிக்கொண்டார்கள்.

வரிசை ஏன் நகரக் கூடாது என்று நீங்கள் கேட்கலாம். முதல் ஆள் உள்ளே போனால் வரிசையில் ஒரு இடம் காலியாகும். காலியானால் மாதிரி கெடும். ஆகவே யாரும் உள்ளே போவதில்லை. யாரும் போகாததால் கழிப்பறை கண்ணாடிபோல் இருக்கிறது. நாட்டிலேயே தூய்மையான பொதுக் கழிப்பறை என்று அதற்கு விருதும் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து ஊர் மாநகராட்சியிலிருந்து குழு குழுவாக வந்து எங்களைப் படம் எடுத்துப் போகிறார்கள். நாங்களும் படத்துக்குத் தகுந்தாற்போல் அசையாமல் நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டோம்.

எனக்கு மாநகராட்சியே ஒரு கைக்கடிகாரம் கொடுத்திருக்கிறது. அதில் முள் ஓடாது. ஓடினால் திரையில் பார்த்த நேரம் மாறிவிடுமாம். நான் நினைத்தால் ஒரு திருகில் ஓட வைத்துவிடுவேன். நினைப்பதில்லை.

நேற்று மத்தியானம் ஒரு பஸ் வந்து நின்றது. அதிலிருந்து பெண் கண்டக்டர் ஒருத்தி குதித்து ஓடி வந்தாள். புதுசாக இந்தத் தடத்துக்கு வந்தவள்போல. முகம் வெளிறிப்போயிருந்தது. திறந்திருந்த கதவைப் பார்த்ததும் அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. மழையில் பாட்டில் தண்ணீர் குடித்தபோது வேறொரு முகத்தில் பார்த்த அதே வெளிச்சம்.

"அக்கா, கொஞ்சம் வழி விடுங்க. ரொம்ப அவசரம். காலையிலேர்ந்து பஸ்ஸிலேயே இருக்கேன்."

அக்கா நகரவில்லை. கக்கத்துக் குடையைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். அவள் காலடியில் நிரம்பிய பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது.

"நாங்க மட்டும் சும்மாவா நிக்கிறோம்? எல்லாரும் டூட்டியில இருக்கோம்."

"உள்ள யாருமே இல்லையே அக்கா?"

"அதனாலதான் சுத்தமா இருக்கு."

"என்னால முடியலைக்கா. நிக்கவே முடியலை..."

அந்தப் பெண் கடைசி முயற்சியாக என் பக்கம் திரும்பினாள். நான் என் கடமையைச் செய்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன்.

அக்கா நிமிராமலே சொன்னாள். "மனு குடுத்துட்டுப் போம்மா. பரிசீலிக்கிறோம்."